இரட்டைப் பதிவு

நூற்று நாற்பத்து மூன்று பேர்.
ஒருவர்கூட மாணவரில்லை,
மாணவரின் தாய்தகப்பன் இல்லை,
கல்வி வலயத்தில் கையெழுத்திடுகிற எவருமில்லை.
பூட்டித்தான் வைத்திருந்தேன்.
மார்பிள் பீச்சில் இடுப்பளவு தண்ணீரில் நின்று
தலை நனைந்து சிரிக்கிற ஒரேயொரு படம்.
திங்கட்கிழமை வரவேட்டில் ஒப்பமிடக் குனிகையில்
அதிபர் கேட்டார்:
"மிஸ், சனிக்கிழமை கடலோ?"

பேனா நின்ற இடத்தில் ஒரு மைப்பொட்டு.

யார் காட்டியது?
ஐந்தொகை சமப்படாத இரவைப்போல
அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தேன்.
ஆசிரியர் அறையில் பர்வீனா டீச்சர் சொன்னா:
"நான் ஒண்டும் போடுறேல்ல, பாக்க மட்டுந்தான்.
பாக்கிறதுக்கு ஆர் கேக்கிறது?"
அன்றிரவே
இன்னொரு கணக்குத் திறந்தேன்.

பெயர்: கோட்டை மான்.
படம்: பிரெட்றிக் கோட்டை வாசலில்
சொப்பின் பை மென்றுகொண்டு நின்ற புள்ளிமான்,
பின்பக்கம் மட்டும்.
பன்னிரண்டாம் தரம், வர்த்தகப் பிரிவு முழுக்க,
முப்பத்தொரு பேரும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.
இந்த ஊரில் மான் படலைக்குள் வந்தால்
வாழைப்பழத் தோல் போடுவோம்,
அடையாள அட்டை கேட்பதில்லை.

திருடனைத் தேடித்தான் போனேன்.
பிறகு திருடன் மறந்துபோனது.

அங்கே எனக்குப் பெயர் 'தேய்மானம் மிஸ்'.
கரும்பலகைப் பக்கம் திரும்பி நான் இருமுவதைக்
கிஷாந்தன் ஸ்ரிக்கராக்கியிருந்தான்.
நன்றாகத்தான் இருந்தது. சேமித்து வைத்தேன்.
யார் யாரோடு உப்புவெளிக்குப் போனது,
யார் வீட்டில் கரண்ட் வெட்டினது,
பறிபட்ட போன்கள் பிரதி அதிபரின் அலுமாரிக்குள்
வண்டுபோல இரைவது ஆருக்காக.
பகலில் நான் கேட்காதவை
பதினொரு மணிக்குப் பிறகு தாமாக வந்தன.

ஜெனிற்றா என்னைப் பச்சை வட்டத்துக்குள் விட்டாள்.
ஏனென்று தெரியாது.
அவளுடைய எல்லாப் படத்துக்கும் மான் இதயம் போட்டது,
ஒன்றும் கேட்டதில்லை.

பாலையூற்று. இரவு ஒன்று நாற்பது.
போர்வைக்குள் ரோர்ச் வெளிச்சம், விரித்த கொப்பி.
மேலே எழுதியிருந்தாள்:
"அப்பா திரும்பவும் தொடங்கிட்டார்.
சத்தம் அடங்குமட்டும் கணக்குச் செய்யிறன்.
பதினொரு பேருக்குத்தான் இது தெரியும்.
ஒருத்தரும் ஒண்டும் கேக்க வேண்டாம்."

அழுதேன் என்று சொல்லலாம்.
உண்மையில் கண் முதலில் போனது
ஐந்தாம் வினாவுக்கு.
தளபாடத் தேய்மானத்தை விட்டுவிட்டாள்.
ஐயாயிரத்து நானூறு வித்தியாசம்.

காலை, மூன்றாம் பாடவேளை.
"ஜெனிற்றா, ஐந்தாவதில தேய்மானத்தை விட்டிட்டீர்,
அதுதான் சமப்படேல்ல."
கொப்பி
அவளுடைய பைக்குள்
சிப் பூட்டியபடி இருந்தது.

அவள் பையைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
பிறகு, மிக மெதுவாக,
ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் மேய்கிற மான்களை.

அன்றிரவு வட்டம் இல்லை.
நட்பிலிருந்து நீக்கவுமில்லை, ஒருவருக்கும் சொல்லவுமில்லை.
முப்பத்தொன்று அப்படியே முப்பத்தொன்று.
மறுநாள் கொப்பி வந்தது,
திருத்தி, சமப்பட்டு,
அடிமட்டம் வைத்துக் கீறிய இரண்டு கோடுகளோடு.
சரி போட்டேன். வேறெதை எழுத?

கணக்கை மூடப் போனால் காரணம் கேட்கிறது.
ஆறு தெரிவு தருகிறது.
'தனியுரிமை பற்றிய கவலை' என்பதை அமத்தினேன்.
இருந்தவற்றில் அதுதான் கிட்ட.
முப்பது நாள் பொறுக்க வேண்டுமாம்.
இடையில் ஒருமுறை உள்ளே வந்தாலும்
மான் பழையபடி எழும்பிவிடுமாம்.

இன்று ஒன்பதாம் நாள்.
ஜெனிற்றா வரவில்லை.
நேற்றும்.
ஆருக்கும் ஏதும் தெரியுமோ என்று கேட்டேன்.
முப்பது பேரும் கொப்பியைப் பார்த்தார்கள்.
போனை மேசையில் குப்புற வைத்துவிட்டு
இடாப்பில், அவள் பெயருக்கு நேரே,
சிவப்பு மையால்
ஒரு வட்டம்.